அப்சாம்ப்ளிங்: பாட்டுக்கு என்ன செய்கிறது, கணினியில் எப்படி அமைப்பது?

கல்முனையிலோ மட்டக்களப்பு நகரிலோ ஹெட்போன் வாங்கப் போனால், பெட்டியில் தங்க நிற ஹை-ரெஸ் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். யூடியூபைத் திறந்தால், பழைய பாட்டை 768 கிலோஹேர்ட்ஸுக்கு ஏற்றிக் கேட்டுப் பாருங்கள் என்று ஒருவர் சத்தியம் பண்ணுகிறார், அடுத்த வீடியோவில் இன்னொருவர் அதெல்லாம் காசு பிடுங்கும் வேலை என்கிறார். நடுவில் நிற்பவருக்குத் தலை சுற்றுகிறது. இருக்கிற லப்டொப் போதுமா, புதுக் கணினி எடுக்க வேண்டுமா, டாக் என்று ஒரு பெட்டி விற்கிறார்களே, அது கட்டாயமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். அப்சாம்ப்ளிங், அதாவது பதிந்த ஒலியின் அளவுகளுக்கு நடுவே கணக்கிட்ட புதிய அளவுகளை நிரப்புவது, பாட்டில் இல்லாத ஒன்றையும் கொண்டுவராது. டாக், அதாவது எண்களை மின்னலையாக மாற்றி ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ கொடுக்கும் கருவி, தனக்குள் எப்படியும் செய்யும் ஒரு கணக்கைக் கணினியின் தலையில் ஏற்றுகிறது. அந்தக் கணக்கைக் கணினி சில வேளை இன்னும் திருத்தமாகச் செய்யும். ஆனால் கோப்பிலிருந்து டாக் வரையுள்ள பாதை ஒழுங்காக இல்லாத வீட்டில் அது வீண் வேலை.

எண்கள் எதைச் சொல்கின்றன

மைக் பிடித்த ஒலி ஒரு மின்னலை. அதைக் கணினிக்குள் வைக்க, விநாடிக்கு இத்தனை தடவை என்று அதன் உயரத்தை அளந்து எண்ணாக எழுதுகிறார்கள். அப்படி எடுத்த ஓர் அளவு ஒரு சாம்பிள், எத்தனை தடவை அளக்கிறார்கள் என்பது சாம்பிள் ரேட். விநாடிக்கு ஆயிரம் தடவை என்றால் 1 கிலோஹேர்ட்ஸ். ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறார்கள் என்பது பிட் ஆழம். 1982இல் கடைக்கு வந்த சீடியில் விநாடிக்கு 44,100 தடவை, 16 பிட். வீடியோ உலகம் 48,000ஐப் பிடித்துக்கொண்டது. ஹை-ரெஸ் என்று விற்பவை பெரும்பாலும் 24 பிட், 96 அல்லது 192 கிலோஹேர்ட்ஸ்.

1. சாம்பிள் ரேட்டின் பாதிக்குக் கீழேயுள்ள ஒலியைத்தான் பதிய முடியும். 44.1இன் பாதி 22.05 கிலோஹேர்ட்ஸ். நல்ல காதுள்ள இளவயதுக்காரருக்கே 20 வரைதான் கேட்கும், வயது போகப் போக அதுவும் இறங்கும். அந்த எல்லைக்குள் இருக்கும் அலையை அளந்த புள்ளிகளிலிருந்து முழுமையாக மீட்டெடுக்கலாம். சீடியின் ஒலி படிக்கட்டு மாதிரி இருப்பதாகவும் ஹை-ரெஸ் வழவழப்பாக இருப்பதாகவும் விளம்பரங்களில் போடும் படம் பிழையானது.

2. ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபல். 16 பிட்டுக்கு 96, 24 பிட்டுக்கு 144. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே உள்ள இடைவெளி இது. நம்முடைய வெக்கையில் மின்விசிறி போடாமல் இருந்து பாட்டுக் கேட்பவர் யார்? மின்விசிறி ஓடும் அறையில் பின்னணிச் சத்தமே 40 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். அதற்கு மேல் 96ஐக் கூட்டினால் 136, காது வலிக்கும் அளவு. ஆகவே கேட்பதற்கு 16 பிட்டே தாராளம். 24 பிட்டின் அருமை பதிவு செய்யும்போதும், கணினியில் ஒலியளவைக் குறைக்கும்போதும்தான் தெரியும்.

அந்தத் தங்க முத்திரை ஜப்பான் ஓடியோ சங்கத்தினுடையது. கருவி 40 கிலோஹேர்ட்ஸ் வரை போகும், எண்வழி ஒலியை எடுக்கும் கருவியானால் 24 பிட் 96ஐக் கையாளும் என்பதற்கான அடையாளம் அது. உங்களிடம் இருக்கும் பாட்டு எப்படிப்பட்டது என்று அதற்குத் தெரியாது.

அப்சாம்ப்ளிங் செய்வது என்ன

சாம்பிள்களை அப்படியே மின்னலையாக மாற்றினால், உண்மையான ஒலியோடு அதன் பிம்பங்களும், அதாவது உயர் அலைவரிசையில் தோன்றும் போலி நகல்களும், கூடவே வரும். 44.1இல் ஓடும்போது 20 கிலோஹேர்ட்ஸ் ஒலியின் முதல் பிம்பம் 24.1இல் விழும். அதை வெட்டியெறிய, 20க்கும் 24க்கும் இடையில் செங்குத்தாக விழும் வடிகட்டி வேண்டும். மின்தடையும் மின்தேக்கியும் வைத்து அப்படி ஒன்றைக் கட்டுவது பெரும்பாடு, கட்டினாலும் கேட்கும் எல்லைக்குள்ளேயே அலைகளின் நேர ஒழுங்கைக் குழப்பிவிடும்.

முதல் தலைமுறை சீடி பிளேயர் காலத்தில் பிலிப்ஸிடம் இருந்தது 14 பிட் சிப். அவர்கள் சாம்பிள் ரேட்டை நாலு மடங்காக்கி 176.4க்கு ஏற்றினார்கள், இரைச்சலைக் கேட்காத பக்கத்துக்குத் தள்ளினார்கள், 14 பிட்டை வைத்தே 16 பிட் தரத்துக்குக் கிட்டப் போனார்கள். நாற்பது வருடப் பழைய உத்தி இது, இப்போது புது மருந்து மாதிரி விற்கிறார்கள். எட்டு மடங்கு ஏற்றினால் 352.8. அப்போது முதல் பிம்பம் 332.8 கிலோஹேர்ட்ஸுக்கு அப்பால் போய்விடும், சின்னச் சரிவுள்ள சாதாரண வடிகட்டியே போதும். இன்றைய டாக் சிப்களில் பெரும்பாலானவை இந்த வேலையை உள்ளேயே செய்துவிட்டு, பிறகு மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடும் ஒருசில பிட் ஓட்டமாக மாற்றுகின்றன.

இடையில் நிரப்பப்படும் புதிய சாம்பிள்கள் எல்லாம் பழையவற்றை வைத்துக் கணக்குப் போட்டவை. கோப்பையில் இருக்கும் தேத்தண்ணியைப் பெரிய ஜக்கில் ஊற்றினால் ஜக்குதான் பெரிது, தேத்தண்ணி அதே அளவுதான்.

சரி, அப்படியென்றால் கணினியில் செய்வதில் என்ன லாபம்? சிப்புக்குள் இடமும் குறைவு, மின்சாரமும் குறைவு. ஒரு புதிய சாம்பிளைக் கணிக்க அக்கம்பக்கத்தில் எத்தனை சாம்பிளைப் பார்க்கிறது என்பதை டாப் என்று எண்ணுவார்கள், சிப்புக்குள் அது பெரும்பாலும் சில நூறுக்குள் அடங்கிவிடும். கணினியில் லட்சக்கணக்கில் வைக்கலாம். டாப் கூடினால் வெட்டு செங்குத்தாகும், பிம்பம் இன்னும் முழுமையாக மறையும். ஆனால் செங்குத்தாக வெட்டும் வடிகட்டிக்கு ஒரு குணம் உண்டு: மத்தளத்தில் ஓங்கி ஓர் அடி விழுந்தால், அந்த அடிக்கு முன்னாலும் பின்னாலும் வெட்டும் அலைவரிசையில் சின்ன அதிர்வு ஒன்றை ஒட்டிவிடும். லீனியர் பேஸ் வகை இரண்டு பக்கமும் சமமாக ஒட்டும். மினிமம் பேஸ் வகை முழுவதையும் அடிக்குப் பின்னால் தள்ளும், பதிலுக்கு உயர் அலைவரிசைகளைச் சற்றுத் தாமதமாக்கும். எது நல்லது என்று சண்டை பிடிப்பவர்கள் ஏராளம். அந்த அதிர்வு 22 கிலோஹேர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு சண்டையைப் பாருங்கள்.

நீளமான வடிகட்டிக்கு இன்னொரு விலையும் உண்டு. 705.6 கிலோஹேர்ட்ஸில் ஓடும் 10 லட்சம் டாப் லீனியர் பேஸ் வடிகட்டி ஒலியை ஏறக்குறைய 0.7 விநாடி பிந்த வைக்கும். பாட்டுக்குப் பரவாயில்லை. அதே அமைப்பில் படம் பார்த்தால் வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்.

கேட்டால் தெரியுமா?

2007இல் மேயர், மொரான் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஹை-ரெஸ் ஒலியின் பாதையில் 16 பிட் 44.1 கட்டம் ஒன்றை நுழைத்தும் எடுத்தும் போட்டுக் காட்டியபோது, வழக்கமான ஒலியளவில் கேட்டவர்களால் வேறுபாடு கண்டுபிடிக்க முடியவில்லை. 2016இல் லண்டனில் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளின் தரவை ஒன்றுசேர்த்துப் பார்த்தார். சரியாகச் சொன்ன வீதம் 52.3 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 வரும். பயிற்சி பெற்றவர்கள் இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். ஆக வேறுபாடு இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது, திரை விலகும் என்பதும் மிகை. இவை ஹை-ரெஸ் பதிவையும் சீடி தரத்தையும் ஒப்பிட்டவை. அப்சாம்ப்ளிங்கில் மூலக் கோப்பே ஒன்று என்பதால் வேறுபாடு இதைவிடக் கூட இருக்கும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை.

நம் பக்கத்தில் சுற்றும் கோப்புகளைப் பார்த்தால் கதை இன்னும் தெளிவு. பழைய வடமோடிக் கூத்துப் பதிவு என்று கைமாறி வருவது பெரும்பாலும் கசெட்டிலிருந்து எடுத்த எம்பி3. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் அப்படி ஒரு கோப்பை இழுத்துப் போடுங்கள். அலைவரிசைகள் வண்ணப் படமாக வரும். 128 கிலோபிட் எம்பி3 என்றால் 16 கிலோஹேர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டினது போல நேர்கோடு, அதற்கு மேல் கறுப்பு. சதங்கை ஒலியின் மேல்பாதி அந்தக் கறுப்பில் போய்விட்டது, 192க்கு ஏற்றினாலும் திரும்பாது. ஹை-ரெஸ் என்று காசு கொடுத்து வாங்கிய கோப்பிலும் 22இல் அதே கோடு தெரிந்தால், யாரோ சீடிக் கோப்பை அப்சாம்ப்ள் பண்ணி உங்களுக்கு விற்றிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அந்தக் கூத்துக் கசெட் இன்னும் யாரிடமாவது இருந்தால் 24 பிட் 96இல் புதிதாகப் பதிந்தெடுங்கள், அங்கே செலவழிக்கும் நேரத்துக்குப் பலன் உண்டு.

முதலில் பாதை

உங்களுக்குத் தெரியாமலே உங்கள் லப்டொப்பில் அப்சாம்ப்ளிங் நடந்துகொண்டிருக்கக்கூடும். வின்டோஸ் எல்லாச் செயலிகளின் ஒலியையும் ஒன்றாகக் கலந்து ஒரே ரேட்டில் அனுப்பும், பெரும்பாலும் 48. சீடிப் பாட்டின் 44.1ஐ அது தன்பாட்டில் 48 ஆக்கிவிடும். ஆண்ட்ரொய்டு போன்களிலும் பொதுவாக இதே கதை. புளூடூத் ஹெட்போன் என்றால் ஒலியைச் சுருக்கித்தான் அனுப்பும். அந்தச் சுருக்கும் முறைகளில் நல்லது என்று சொல்லப்படும் எல்டாக்கின் உச்சமே விநாடிக்கு 990 கிலோபிட், சுருக்காத சீடிக்கு 1,411 வேண்டும். ஆகவே:

1. டாக்கை யுஎஸ்பியில் நேரே பொருத்துங்கள். வின்டோஸ் 10இன் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு ஒன்றிலிருந்து யுஎஸ்பி ஓடியோ 2 உள்ளேயே இருக்கிறது, லினக்ஸிலும் மக்கிலும் அதற்கு முன்பிருந்தே உண்டு. தயாரிப்பாளரின் டிரைவர் பெரும்பாலும் டிஎஸ்டிக்கும் (ஒரே பிட்டை மிக வேகமாக அனுப்பும் முறை, கீழே வரும்) மிக உயர்ந்த ரேட்டுகளுக்கும்தான் தேவைப்படும்.

2. ஃபூபார்2000 போன்ற பிளேயரில் வெளியீட்டுப் பட்டியலைத் திறந்து, உங்கள் டாக்கின் பெயரோடு எக்ஸ்க்ளூசிவ் என்று வரும் வரியைத் தெரிவுசெய்யுங்கள். இது வின்டோஸின் கலவையைத் தாண்டி டாக்கைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும். ஆழம் 24 பிட்.

3. ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட், லப்டொப் நிறுவனம் போட்டுத்தந்த ஒலி மேம்பாட்டுச் செயலி எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

4. இனிப் பரீட்சை. ஒரு சீடிப் பாட்டையும் அடுத்து ஒரு வீடியோவிலிருந்து எடுத்த 48 பாட்டையும் வரிசையில் போடுங்கள். டாக்கில் திரையோ ரேட் காட்டும் சின்ன விளக்கோ இருந்தால் பாட்டு மாறும்போது 44.1இலிருந்து 48க்கு மாற வேண்டும், சில டாக்குகளில் உள்ளே டிக் என்று ரிலே விழும் சத்தமும் கேட்கும். மாறாமல் 48இலேயே நின்றால் பாதை இன்னும் சரியில்லை, 2ஆம் படிக்குத் திரும்புங்கள்.

மக்கில் ஓடியோ மிடி செற்றப் என்ற செயலியில் ரேட்டைக் கையால் மாற்றலாம். லினக்ஸ்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த நான்கு படிக்கும் டாக்கைத் தவிர ஒரு சதம் செலவில்லை. இதற்கு மேல் வருவதைவிட இதில்தான் கூட மாற்றம் இருக்கும் என்பது என் கணிப்பு.

பிறகு ஏற்றுவது

ஃபூபாரில் சொக்ஸ் என்ற ரீசாம்ப்ளர், அதாவது சாம்பிள் ரேட்டை மாற்றும் துணைச் செயலி, சேர்க்கலாம், இலவசம். எச்கியூபிளேயர் காசு கட்டி வாங்கும் பிளேயர், வடிகட்டி வகைகள் அதில் குவிந்து கிடக்கும். எதை எடுத்தாலும் கவனிக்க வேண்டியவை:

1. குடும்பம் மாறக் கூடாது. 44.1க்கு 88.2, 176.4, 352.8, 705.6. 48க்கு 96, 192, 384, 768. முழு எண் மடங்கில் ஏற்றினால் கணக்கு எளிது. எல்லாவற்றையும் 192க்கு என்று ஒரே விதி போட்டால் சீடிப் பாட்டுக்குக் கணினி தேவையில்லாமல் வளைந்து நெளியும். இன்றைய ரீசாம்ப்ளர்கள் அதையும் நன்றாகவே செய்யும் என்றாலும் வேலை கூட.

2. ஒலியளவை 3 டெசிபல் குறைத்து விடுங்கள். கடந்த இருபது முப்பது வருடச் சினிமாப் பாட்டுகளில் நிறைய, உச்சியைத் தொடும் அளவுக்கு இறுக்கி அழுத்தப்பட்டவை. இரண்டு சாம்பிளுக்கு நடுவில் உண்மையான அலை அந்த உச்சிக்கும் மேலே ஏறியிருக்கும், அப்சாம்ப்ளிங் அந்தப் புள்ளியைக் கணக்கிட்டதும் எழுத இடமில்லாமல் தலை வெட்டுப்படும். அப்சாம்ப்ளிங் போட்டதும் ஒலி கரகரக்கிறது என்று முறையிடுபவர்களில் பலருக்கு இந்த ஒன்றுதான் மருந்து.

3. டாக்கின் உச்ச ரேட் 768 என்பதற்காக அங்கே போய் நிற்கத் தேவையில்லை. 352.8 அல்லது 384 போதும், பல சிப்களில் உள்ளே இருக்கும் எட்டு மடங்கு வடிகட்டியின் வேலை அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது.

4. பஃபர், அதாவது ஒலியை அனுப்புமுன் கொஞ்சம் சேர்த்துவைக்கும் இடம், பெரிதாக இருக்கட்டும். பாட்டுத் தொடங்க அரை விநாடி பிந்தினால் யாருக்கும் நட்டமில்லை.

டேட்டா பற்றியும் ஒரு வார்த்தை. 24 பிட் 192ஐச் சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்கு 9.2 மெகாபிட், மணிக்கு 4 ஜிபிக்கு மேல். தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாக்கினால் ஏறக்குறைய பாதி. சீடி தரம் என்றால் சுருக்காமலே மணிக்கு 635 எம்பிதான். போன் டேட்டாவில் காலம் தள்ளுபவர் சீடி தரத்தில் இறக்கி வீட்டில் ஏற்றிக்கொள்ளலாம், ஏற்றுவதற்கு டேட்டா போகாது.

எவ்வளவு பலமான கணினி?

பிசிஎம் வழியில், அதாவது மேலே சொன்ன 352.8 வகையில், பத்து வருடப் பழைய லப்டொப்பே மூச்சு வாங்காமல் செய்யும். புதுக் கணினி கேட்பது டிஎஸ்டி. அதில் பிட் ஒன்றே ஒன்று, ஆனால் வேகம் பயங்கரம்: அடிப்படையே விநாடிக்கு 28,22,400 தடவை. டிஎஸ்டி256 என்றால் 11.3 மெகாஹேர்ட்ஸ், 512 என்றால் 22.6. பிசிஎம்மை அப்படி மாற்றும் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. இப்போது எழுதும் பிட்டில் வந்த பிழையைப் பார்த்துத்தான் அடுத்த பிட்டைத் தீர்மானிக்க முடியும். ஒன்று முடியாமல் மற்றது தொடங்காது, ஆகவே வேலையைப் பத்துப் பேருக்குப் பங்குபோட வழியில்லை. இடது சனலுக்கு ஒரு கோர், வலது சனலுக்கு ஒரு கோர், மற்றவை வேடிக்கை பார்க்கும். 16 கோர் என்று பெட்டியில் போட்டிருப்பதைவிட ஒரு கோரின் வேகம்தான் இங்கே முக்கியம். நீளமான வடிகட்டிக் கணக்கு அப்படியில்லை, அதைப் பிரித்துக் கொடுக்கலாம், கிராபிக்ஸ் கார்டிலும் ஏற்றலாம்.

இரண்டு கோர் முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓடினால் சூடு. சித்திரை, வைகாசியில் பகல் இரண்டு மணிக்கு அறையே 32, 33 பாகை இருக்கும்போது லப்டொப் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கும், பாட்டு விட்டு விட்டு வரும். அதற்கு முன்பே அதன் காற்றாடி உங்கள் மெல்லிய ஆலாபனையை விழுங்கியிருக்கும். மேசைக் கணினி சூட்டைத் தாங்கும், ஆனால் 200 வாட் இழுக்கும் ஒன்றை நாளுக்கு 4 மணி நேரம் ஓடவிட்டால் மாதத்துக்கு 24 யூனிட். மாதம் 60 யூனிட் எல்லைக்குள் பில்லை வைத்திருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல, அந்த எல்லையைத் தாண்டினால் கட்டண அடுக்கே வேறு.

ஆர்வம் விடவில்லை என்றால் இரண்டாகப் பிரியுங்கள். சத்தம் போடும் கணினி வேறு அறையில், ஸ்பீக்கர் பக்கத்தில் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி, நடுவில் லான் வயர். கணக்கெல்லாம் அங்கே, பை வந்ததை டாக்குக்குக் கொடுப்பது மட்டும். சில வாட்தான் எடுக்கும், காற்றாடியும் வேண்டாம். லான் சொக்கெட்டுக்குள் சின்ன டிரான்ஸ்போமர் இருப்பதால் இரண்டு பக்கத்துக்கும் நேரடி மின்தொடர்பு இல்லை என்பது இன்னொரு நன்மை, அது ஏன் என்று அடுத்துப் பாருங்கள்.

ம்ம்ம்ம் என்ற சத்தம்

பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கரில் ம்ம்ம்ம் என்றோ, மவுஸை அசைத்தால் சர்ர் என்றோ கேட்டால் எந்த மென்பொருளும் உதவாது. லப்டொப் சார்ஜரைப் பிடுங்கி பற்றரியில் ஓடவிடுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி எர்த். இரண்டு பின் பிளக்கில் எர்த் இல்லை, சார்ஜரிலிருந்து கசியும் சிறு மின்னோட்டம் யுஎஸ்பி வயர் வழியாக டாக்குக்கும் அம்ப்புக்கும் போய் நிலம் தேடுகிறது. லப்டொப்பின் உலோக உடலைத் தொட்டால் கையில் மெல்லிய கூச்சம் தெரிவதும் இதனால்தான். மூன்று பின் சார்ஜர் வயர், எர்த் உண்மையாகவே இருக்கும் சொக்கெட், லப்டொப்புக்கும் அம்ப்புக்கும் ஒரே சொக்கெட் பலகை என்று போடுங்கள். பழைய வீடுகளில் சொக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. மின்வேலைக்காரரைக் கூப்பிட்டுப் பார்ப்பது பாட்டுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் நல்லது. அதுவும் சரிவரவில்லை என்றால் டாக்கில் ஒப்டிகல் நுழைவாய் இருக்கிறதா பாருங்கள். ஒளியில் மின்சாரம் கடக்காது, ஆனால் பொதுவாக 96க்கு மேல் நம்பிப் போக முடியாது, 192 சிலவற்றில் ஓடும். கடலுக்குக் கிட்ட இருக்கும் வீடுகளில் ஜாக் முனைகள் உப்புக்காற்றில் கறுத்துப்போவதும் கரகரப்புக்கு ஒரு காரணம், கொன்டாக்ட் கிளீனர் ஒரு தடவை அடித்துப் பாருங்கள்.

டிக், டிக் என்று இடையிடையே வெட்டினால் அது வேறு நோய். வைபை டிரைவரோ மின்சேமிப்பு அமைப்போ ஒலிக்கு நேரத்துக்கு வழிவிடவில்லை. லேட்டன்சிமொன் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டால் எந்த டிரைவர் பிந்துகிறது என்று பெயரைச் சொல்லிவிடும்.

நீங்களே ஒப்பிடுவதென்றால்

ஒலியளவைச் சமப்படுத்தாமல் ஒப்பிடாதீர்கள். மேலே 3 டெசிபல் குறைக்கச் சொன்னது ஞாபகம் இருக்கிறதல்லவா? அப்சாம்ப்ளிங் இல்லாமல் கேட்கும்போதும் அதே 3 குறைய வேண்டும், இல்லையென்றால் உரத்து ஒலிப்பது நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும். இரண்டாவது, ரேட் மாறும்போது விழும் டிக் சத்தமும் சின்ன இடைவெளியும் எது எது என்று காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே மாற்றுவது நீங்களாக இருக்கக் கூடாது. வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, காசு சுண்டி மாற்றச் சொல்லி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் பிளேயரை ஒரு தடவை நிறுத்தித் தொடங்கச் சொல்லுங்கள். மாறாத தடவையிலும் நிறுத்தித் தொடங்க வேண்டும். டாக்கின் திரையைத் துணியால் மூடிவிடுங்கள். 16 தடவையில் 12 சரியென்றால் வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது, ஊகத்தில் அப்படி வருவதற்கான வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. எட்டோ ஒன்பதோ வந்தால் புதுக் கணினிக்கு வைத்த காசில் நல்ல ஸ்பீக்கர் ஒரு சோடி பாருங்கள்.